பேர் சொல்லும் பெட்டி

"முனியாண்டி! தேத்தண்ணி எங்க? எவ்வளவு நேரம் லா?" மலேசியத் தேயிலைத் தோட்டத்து வீட்டில், அடுப்படியைப் பார்த்துக் கத்தினான் வசந்தன்.

தட்டோடு வந்த பெரியவரின் விரலெல்லாம் தேயிலைக் கறை. பெண் வீட்டார் முன்னால் அந்தக் கையைப் பார்க்கவே வசந்தனுக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பெரியவரைப் பேர் சொல்லியா கூப்பிடுவீங்க தம்பி?" என்றார் நாகரத்தினம், பெண்ணின் அப்பா. மாப்பிள்ளை வீடு பார்க்க, மகள் திலகத்தையும் கூட்டிக்கொண்டு ஈப்போவிலிருந்து மலையேறி வந்திருந்தார்.

"எஸ்டேட்ல அப்படித்தான் அங்கிள். தோட்டத்து ஆளு. இன்னைக்கு ஒத்தாசைக்கு வந்திருக்காரு."

"ஒங்க அப்பா வரலையா?"

"ஊருக்குப் போயிருக்காரு. பழனிக்கு." சொல்லும்போதே காது சுட்டது. பேச்சை மாற்ற, மேசை மேலிருந்த மரப்பெட்டியை முன்னால் இழுத்தான்.

லீவு நாளெல்லாம் உட்கார்ந்து அவனே அறுத்து, இழைத்து, ஒட்டிய பெட்டி. உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். புரோகிராமும் அவன் எழுதியதுதான். ஐசி என்கிற அடையாள அட்டையைச் செருகினால், அப்பா பேரோடு சேர்த்துப் பேர் சொல்லி வரவேற்கும்.

நாகரத்தினம் தம் அட்டையைச் செருகினார். "வருக! கதிரேசன் மகன் நாகரத்தினம்!" என்றது பெட்டி.

மனுஷன் குளிர்ந்துபோனார். "அட! செத்துப்போன எங்கப்பாவையும் சேத்துல்ல கூப்பிடுது! எங்க, ஒங்க ஐசியை வைங்க மாப்ளே!"

மாப்ளே என்றே கூப்பிட்டுவிட்டார், கல்யாணம் முடிந்த மாதிரிதான். ஆனால் வசந்தனின் கை பாக்கெட்டை விட்டு வெளியே வர மறுத்தது. கேமரன் மலைக் குளிரில் யாருக்காவது வேர்க்குமா? அவனுக்கு வேர்த்தது.

"வைங்களேன்," என்று சிரித்தாள் திலகம். வேறு வழியில்லாமல் அட்டையை எடுத்து, பெட்டியின் வாய்வரை கொண்டுபோனான்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவரின் கால் பெட்டியின் ஒயரில் மாட்டியது. பெட்டி அவன் கையைத் தட்டிக்கொண்டு தடாலென்று விழுந்து மூடி பிளந்தது. அட்டை எகிறி நாகரத்தினத்தின் காலடியில் கிடந்தது.

"மன்னிச்சிருங்க ஐயா, கண்ணு சரியாத் தெரியல." பெரியவர் மண்டியிட்டு உடைந்த பலகையைப் பொறுக்கினார்.

"பாத்து வரக்கூடாதா, முனியாண்டி?" வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் ஒயரைப் பார்த்துத்தான் காலை வைத்தார். வசந்தன் அதைக் கண்ணால் கண்டான். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று கூசிப்போய் நின்றான்.

நாகரத்தினம் அட்டையை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பெரியவரைப் பார்த்தார், வசந்தனைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. எழுந்துபோய் பெரியவரைத் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"மாப்ளே, சம்பந்திக்கு ஒரு நாற்காலி போடுங்க."