அன்றைக்குப் பவுடர் வரவில்லை

தம்பிதுரை மேசையை விரலால் ஒரு இழு இழுத்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இன்னைக்குன்னு பார்த்து என்ன வந்துச்சு இந்தப் பிரஸ்காரனுக்கு?"

மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் மேசை மேல் கோலமே போட்டிருக்கலாம். அவ்வளவு வெள்ளைப் பவுடர் வந்து படிந்திருக்கும். பக்கத்துக் கட்டிடம் மனோஜ்குமாரின் பிரஸ். அச்சாகி விழுகிற ஒவ்வொரு தாள் மேலும் மிஷின் பவுடரைத் தூவும். அப்போதுதான் ஈர மை, மேலே வந்து விழுகிற அடுத்த தாளின் முதுகில் ஒட்டாது. மிஞ்சுகிற பவுடரைச் சுவரில் இருக்கும் ஃபேன் வெளியே தள்ளும். அது நேராகத் தம்பிதுரை வீட்டு ஹாலுக்குள் வரும்.

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் புகார் கொடுத்திருந்தார். ஆபீசர் இன்றைக்கு நேரில் பார்க்க வருகிறார். நேற்று விழுந்த பவுடரை மனைவி பத்மாவதி துடைத்துத் தள்ளிவிட்டாள். புதிதாக விழுந்தால்தான் சாட்சி. அதற்காகவே விடிந்ததிலிருந்து சன்னலை விரியத் திறந்து வைத்திருந்தார்.

"ஏனுங்க, சன்னலைச் சாத்துங்க. பச்சக் கொழந்தை இருக்கற ஊடு" என்றாள் பத்மாவதி. மகள் அக்ஷயா பிரசவம் முடிந்து நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

"கொழந்தைக்காகத்தானே இத்தனையும் பண்றேன்? தொட்டிலும் ஹால்லயே இருக்கட்டும். ஆபீசர் கண்ணுல படோணும்."

"மூக்குல போச்சுன்னா?"

"கொஞ்ச நேரத்துல ஒண்ணும் ஆயிராது. நீ போயி வேலையைப் பாரு அம்மணி."

சண்டை பழசு. அக்ஷயாவின் கல்யாணப் பத்திரிகையை மனோஜ்குமார்தான் அடித்தான். அப்போது அவனிடம் பவுடர் தூவுகிற வசதி கிடையாது. பத்திரிகைக் கட்டைப் பிரித்தால், ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பெண்ணின் பெயர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி ஒட்டியிருந்தது.

"பவுடர் அடிக்கக்கூட வக்கில்லாதவனுக்கு எதுக்குடா பிரஸ்?" என்று தெருவே கேட்கத் திட்டினார்.

ரோசப்பட்டு அவனும் பவுடர் மிஷினை வாங்கி மாட்டினான். அந்தப் பவுடர் இவர் வீட்டுக்கே வந்தது. அதோடு பேச்சுவார்த்தையும் நின்றது.

இன்றைக்கோ மிஷின் சத்தம் கேட்கிறது, பவுடர் இல்லை. மிஷினும் கொஞ்சம் ஓடுகிறது, நிற்கிறது. மறுபடி ஓடுகிறது. தம்பிதுரைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பிரஸ் வாசலுக்கே போய்விட்டார்.

உள்ளே மனோஜ்குமார், அவன் மனைவி கீதா, மிஷின்காரர் அருள்குமார் மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் இருந்தார்கள். அச்சான ஒரு தாள், அதன் மேல் மை ஒட்டாமலிருக்க ஒரு வெள்ளைத் தாள், திரும்ப அச்சான தாள். ஒவ்வொன்றாகக் கையால் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்னூரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தவர் எகிறிக்கொண்டிருந்தார். "ஊட்டுல சொந்தக்காரங்க எல்லாம் காத்துட்டிருக்காங்க. நீங்க அப்பளம் காயப்போடற மாதிரி அடுக்கிட்டிருக்கறீங்க! பவுடரை அடிச்சுத் தள்ளுங்க!"

"மதியத்துக்குள்ள தந்தர்றனுங்க."

"மதியம் வரைக்கும் யாரு காத்திருக்கறது? நானு வேற பிரஸ்ல பார்த்துக்கறேன். கம்பெனி காலண்டரும் இனி உங்களுக்கில்லை!"

அவர் காரைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டார்.

தம்பிதுரை முதலாளியைப் பார்த்துப் பேசுவாரா? மிஷின்காரரைக் கேட்டார். "ஏப்பா அருள்குமாரு, உங்க மொதலாளிக்குப் பவுடர் தீர்ந்துபோச்சா?"

"டப்பா நெறைய இருக்குதுங்க."

"மிஷின் ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருக்குதுங்க. காலையில மொதலாளியே நிறுத்தச் சொல்லிப்போட்டாருங்க. எனக்கும் ஒண்ணும் புரியலீங்க."

தம்பிதுரைக்குச் சட்டென்று புரிந்த மாதிரி இருந்தது. எவனோ துப்புக் கொடுத்துவிட்டான்!

ஆபீசர் வந்தார். மேசையைத் தடவினார், சன்னல் கட்டையைத் தடவினார், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பொட்டுத் தூசி இல்லை. இதுக்கா என்னை இவ்வளவு தூரம் வரச்சொன்னீங்க பெரியவரே?"

"தினமும் வருதுங்க. இன்னைக்கு மட்டும்தானுங்க..."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க." புகாரை முடித்துவிட்டதாகச் சொல்லி வண்டியேறினார்.

தம்பிதுரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுபடி பிரஸ்ஸுக்குள் நுழைந்தார். இந்தத் தடவை நேராகவே கேட்டார்.

"ஆபீசர் வர்றாருன்னு உனக்கு எவன் சொன்னது?"

மனோஜ்குமார் முழித்தான். "எந்த ஆபீசருங்ணா?"

"நடிக்காத! பின்ன எதுக்குப் பவுடரை நிறுத்தினே? வந்த ஆர்டரையே தொலைச்சுப்போட்டு நிக்கறயே!"

மனோஜ்குமார் கையிலிருந்த வெள்ளைத் தாளைக் கீழே வைத்தான்.

"காலையில மிஷின் போடறப்பப் பார்த்தனுங்ணா. உங்க ஹால்ல தொட்டில் தொங்குது, சன்னல் தொறந்து கெடக்குது. கூப்பிட்டுச் சொல்லலாம்னா நாமதான் பேசிக்கறதில்லையே. பாவம், சாத்த மறந்துட்டீங்களாட்ட இருக்குதுன்னு நானே பவுடரை நிறுத்திப்போட்டனுங்ணா."