பத்தாவது ஆள்

“இந்த ஊசியைப் போட்டவன் எவனும் ரெண்டு வருஷம் தாண்ட மாட்டான். எழுதி வெச்சுக்கோங்க.”

காலையிலிருந்து இதே பாட்டுதான். தடுப்பூசி முகாம் நடந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்டூல் போட்டு ஏறி நின்று, மைக்கில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார் எதிர்க்கட்சிக்காரர். ஊசிக்கென்று கிளம்பி வந்தவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததும், வீட்டில் எதையோ மறந்து வைத்தவர்கள் மாதிரி திரும்பிப் போனார்கள்.

வாசலுக்கு உள்ளே ஆளுங்கட்சிக்காரரின் பேனர். ஆள் உயரத்துக்கு அவரே நிற்கிறார். இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான், தோள்பட்டையில் ஊசி, முகத்தில் அந்தத் தேர்தல் சிரிப்பு. ‘நான் போட்டுக்கொண்டேன், நீங்கள்?’ என்று கீழே கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி.

மைக் ஆசாமியின் தங்கையைக் கட்டியவர்தான் இந்தப் பேனர் ஆசாமி. ஊரில் இந்தத் தொற்றுநோய் வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று ஊரே நம்பியது. இவர்களுக்காக அடித்துக்கொண்டு மண்டையில் தையல் போட்டுக்கொண்டவர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர்.

மணி மூன்றரை. வகுப்பறை பெஞ்சில் இருந்தவர்களை நர்ஸ் மூன்றாவது தடவையாக எண்ணினார். மூன்றாவது தடவையும் ஒன்பதுதான்.

ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் போட்டுத் தீர்த்தாக வேண்டும், மிச்சம் குப்பைக்கு. போன வாரம் எட்டுப் பேருக்காக ஒரு குப்பியைத் திறந்து மீதியைக் கொட்டினார் நர்ஸ். அதை வீடியோ எடுத்து, ‘மக்கள் மருந்தைக் குப்பையில் கொட்டுகிறார்கள்’ என்று பரப்பியவர் இதே மைக் ஆசாமிதான். விஷம் என்று சொன்ன வாய்க்கு, அது வீணானதில் அவ்வளவு வயிற்றெரிச்சல். மறுநாளே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. பத்துப் பேர் இல்லாமல் குப்பியைத் திறந்தால் வேலை போய்விடும்.

“சிஸ்டர், இன்னிக்குக் கிடைச்சிரும்ல?”

கேட்டவர் பெஞ்சு ஓரத்தில் இருந்த தையல்காரர். சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர். அங்கே அவருடைய பக்கத்துப் படுக்கைக்காரரும், அதற்கடுத்த படுக்கைக்காரரும் இந்த மாதமே இந்த நோயில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முகாம் இன்றோடு முடிகிறது, திரும்பி வர ஆறு வாரமாகும். அதுவரை அவர் தாங்குவாரா என்று நர்ஸுக்குத் தெரியவில்லை.

நர்ஸும், பேர் எழுதும் பெண்ணும் ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள். நர்ஸ் தெருவில் இறங்கி வீடு வீடாகத் தட்டிப் பார்த்தார். நர்ஸ் உடையைப் பார்த்ததும் திறந்த ஜன்னல்கள் எல்லாம் மூடிக்கொண்டன. நாலு மணிக்கு மருந்து இருக்கும் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு போக வண்டி வந்துவிடும்.

பேனர் ஆசாமி காலையிலிருந்து வகுப்பறையில்தான் உட்கார்ந்திருந்தார். கடைசி ஆள் ஊசி போட்டுக்கொள்ளும் வரை இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று காமிராவைப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

“சார், ஒரே ஒருத்தர் குறையுது. உங்க ஆளுங்கள்ல யாராச்சும் இருப்பாங்களா?” என்றார் நர்ஸ்.

“எங்க ஆளுங்க எல்லாரும் மொத நாளே போட்டாச்சும்மா.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அடடா, எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு. எல்லாத்துக்கும் காரணம் வெளிய கத்துறானே, அவன்தான். அவனையே போய்க் கேளுங்க.”

தையல்காரரின் தோளைத் தட்டி, “தைரியமா இருங்க” என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் காரை நோக்கி நடந்தார். போட்டோ எடுக்க வந்தவர் பின்னாலேயே ஓடினார்.

நர்ஸ் தெருவுக்கு வந்தார். இந்த மனிதரிடம் போய்க் கெஞ்ச அவருக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆனால் உள்ளே ஒன்பது பேர் அவர் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

“ஐயா, நான் சண்டை போட வரல. உள்ள தையல்காரர் இருக்காரு. இத்தனை வருஷமா உங்க கட்சிக் கொடியெல்லாம் தச்சுக் குடுத்தது அவருதானே. பத்தாவது ஆளு இல்லாம நான் மருந்தைத் திறக்க முடியாது. நீங்க ஒருத்தர் கையை நீட்டினா ஒம்போது பேருக்கும் கிடைச்சிரும். பின்வாசல் வழியா வாங்க, யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

மைக் ஆசாமி ஸ்டூலிலிருந்து இறங்கினார். மைக்கை அணைத்தார். அணைந்துவிட்டதா என்று விரலால் ஒரு தடவை தட்டியும் பார்த்துக்கொண்டார். முகத்தில் நிஜமாகவே சங்கடம் தெரிந்தது. மனசு இளகிவிட்டது என்றே நர்ஸ் நினைத்தார்.

அவர் நர்ஸை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“தையல்காரருக்குன்னா நான் வர மாட்டேனா சிஸ்டர்? ஆனா எனக்குத்தான் ரெண்டு ஊசியும் எப்பவோ போட்டாச்சே.”

பேனர் ஆசாமியின் கார் அவர்களைத் தாண்டிப் போய்த் தெருமுனையில் திரும்பியது. அது திரும்பிய வழியாகவே ஐஸ் பெட்டி வண்டி உள்ளே வந்து ஹாரன் அடித்தது.

மைக் ஆசாமி மறுபடி ஸ்டூலில் ஏறினார். மைக்கைப் போடுவதற்கு முன், கார் போன திசையைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்க எங்க மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கணும் சிஸ்டர். அவருதான் இன்னும் போடல.”