பாலத்துப் பூதம்

“விளையாடத் தெரியாதவங்களுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்? கையில ஒரு கிலுகிலுப்பை வாங்கிக் குடுங்க, ஆட்டிட்டு இருக்கட்டும்!”

சொன்னவன் சூரப்புலி. முதுகுக்குப் பின்னால் அலுவலகம் அவனுக்கு வைத்திருந்த பெயர் அது. வீடியோ கேம் தயாரிக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் எந்த எதிரிக்கு எவ்வளவு பலம், எத்தனை அடியில் விழ வேண்டும் என்று முடிவு செய்வது அவன் வேலை. முதலாளியம்மாவின் கூடப்பிறந்த தம்பி என்பதால் அவனை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.

டெஸ்டர் பெண்ணுக்கு மட்டும் வந்தது. கேம் வெளியே போகுமுன் விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதற்குத்தான் அவளை வைத்திருந்தார்கள். ஆனால் நிஜமாகவே குறை சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

“சார், பாலம் வரைக்கும் எல்லாம் ஒழுங்கா இருக்கு. காடு, மலைன்னு இஷ்டத்துக்குச் சுத்தலாம். ஓநாய் வருது, திருடன் வர்றான். ரெண்டு அடி வாங்கி நாலு அடி குடுத்தா ஜெயிச்சிடலாம். திடீர்னு பாலத்துல இந்தப் பூதம்! ஒரே போடு, ஆள் காலி. காசு குடுத்து கேமை வாங்கினவன் அந்த இடத்துலயே வெறுத்துப்போய் அதை அழிச்சிடுவான்.”

“அழிக்கட்டும். சூடு சொரணை இருக்கிறவன் நின்னு அடிப்பான்.”

“நானும் நின்னேன் சார். முடியலைன்னு திரும்பிப் போய், காட்டுல இருக்கிற பன்னி, ஓநாய் ஒண்ணு விடாம வெட்டிப் பலம் ஏத்திக்கிட்டு வந்தேன். இருக்கறதுலயே நல்ல கவசமாப் பாத்து வாங்கினேன். அம்புல விஷம் தடவி தூரத்துலேர்ந்து விட்டேன்.”

“அடேங்கப்பா! அப்புறம்?”

“அப்புறம் என்ன? முதல் அடியில சாகறதுக்குப் பதிலா ரெண்டாவது அடியில செத்தேன்.”

சூரப்புலி சிரித்த சிரிப்பில், பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்க ஆள் சேர்ந்தால் அவனுக்குக் கொண்டாட்டம்தான்.

“அக்கா! இங்க கொஞ்சம் வா. இவளை வெச்சுக்கிட்டு என்னால வேலை பாக்க முடியாது. ஒண்ணு இவ இருக்கணும், இல்லை நான் இருக்கணும்.”

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தாள். “அடுத்த வாரம் கேம் வெளிய வருது. இந்த நேரத்துல எதுக்கும்மா வம்பு? கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்.”

“நான் அனுசரிச்சுப் போயிடுவேன் மேடம். பூதம் அனுசரிக்க மாட்டேங்குதே!”

“இப்ப பாரு,” என்று சூரப்புலி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அவனுடைய கம்ப்யூட்டரை வேறு யாரும் தொடக் கூடாது. கண்டவர்கள் கை பட்டால் ராசி போய்விடுமாம்.

திரையில் பாலம் வந்தது. பூதம் உலக்கையைச் சுழற்றி இறக்கியது. சூரப்புலியின் வீரன் சுருண்டு விழுந்தான். மேலே உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு சர்ரென்று இறங்கி நூலாக நின்றது.

“பாத்தியா? உசிரு நூல்ல தொங்குது. இங்கதான் கை பேசணும்!”

உருண்டான், புரண்டான், கண்டபடி வெட்டினான். கடைசியில் பூதம் சரிந்தது.

“ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி மயிரிழையிலதான் தப்பிப்பேன். இதுக்குப் பேருதான் திறமை. உண்மையச் சொன்னா, எனக்கு இது பத்தலை. சப்புனு இருக்குன்னுதான் மாசா மாசம் பூதத்தோட பலத்தை ஏத்திக்கிட்டு வர்றேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளியின் தம்பி ஜெயித்தால் தட்டித்தானே ஆக வேண்டும்!

டெஸ்டர் பெண்ணின் முகம் சுண்டிப் போயிற்று. வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் விளையாடத் தெரியாதவள் என்ற பெயரைச் சுமந்துகொண்டு போக வேண்டும். அதை நினைக்கத்தான் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“நான் போறேன் சார். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆசை. ஒரு தடவை தோத்துக் காட்டுங்க.”

“என்னது?”

“வந்த நாள்லேர்ந்து நீங்க ஜெயிக்கறதைத்தான் பாக்கறேன். நீங்க சாகறதை ஒரு தடவை கண்குளிரப் பாத்துட்டுப் போயிடறேன்.”

“தோக்கறதுக்குக்கூட டியூஷன் கேக்கறா பாரு!” சூரப்புலிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அக்கா, கேட்டியா?”

“அதெல்லாம் வேண்டாம்டா,” என்றாள் அக்கா அவசரமாக. “நேரமாச்சு. எல்லாரும் போய் வேலையைப் பாருங்க.”

“இரு அக்கா. கடைசி ஆசை, நிறைவேத்தி வைப்போம்.”

மறுபடி பாலத்துக்குப் போனான். கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

பூதம் வந்தது. ஓங்கி ஒரு போடு போட்டது. சிவப்புக் கோடு நூலானது. இன்னொரு போடு. நூல் அப்படியே இருந்தது. மறுபடியும் அடித்தது, மிதித்தது, தூக்கி எறிந்தது. வீரன் விழுந்து விழுந்து எழுந்தான். நூல் அறுபடவே இல்லை.

சூரப்புலி கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

“அக்கா… இவன் ஏன் சாக மாட்டேங்கறான்?”

அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “சின்ன வயசுல சீட்டாட்டத்துல தோத்தாலே ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடப்பே. அதான்டா, நீ வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே உன் கம்ப்யூட்டர்ல மட்டும் சாவை எடுத்துடச் சொல்லிட்டேன்.”