அப்பாவின் பளபளப்பு

கதவைத் திறந்த அப்பாவின் நரைத்த தலை பளபளவென்று மின்னியது. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியானால் எதிர்வீட்டு டெய்லரம்மா போனில் சொன்னது உண்மைதான்.

"உங்கப்பா இப்பல்லாம் தலையில என்னென்னவோ பூசிக்கிட்டு மொட்டை மாடியில உட்கார்ந்திருக்கார்மா. ஒருநாள் முட்டை, ஒருநாள் கற்றாழை. அறுபத்தெட்டு வயசுல யாருக்குக் காட்டவாம்?"

கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்புதான் நான்கு நாளாக அவள் காதைக் குடைந்துகொண்டிருந்தது.

அம்மா படுக்கையில் விழுந்து ஏழு மாதம். பக்கவாதம். வலது கையும் காலும் வராது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு அலைந்தது, பகலில் பார்த்துக்கொள்ள ஆயாவைத் தேடிப் பிடித்தது, எல்லாம் இவள்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பஸ் மாறி வந்துவிடுவாள்.

"வாம்மா. சாப்பிட்டியா?"

அவள் நேரே சமையலறைக்குப் போனாள். மேடை மேல் ஒரு கிண்ணத்தில் முட்டையும் தேங்காய் எண்ணெயும் அடித்துக் கலக்கியிருந்தது. பக்கத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு: 'மங்கிய கூந்தலுக்கு வீட்டிலேயே பளபளப்பு'. சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு.

பஸ் பணிமனையில் முப்பது வருஷம் கிரீஸ் கையோடு கிடந்த மனுஷன். தன் சீப்பு எது என்றுகூட அறியாதவர்.

"என்னப்பா இது?"

"தலைக்குப் போடறது."

"அதான் ஊரே சொல்லிச் சிரிக்குதே! அங்க அம்மா அசைய முடியாம கிடக்கறாங்க. உங்களுக்கு இங்க மினுக்கல் கேக்குதா?"

"மெதுவா பேசும்மா. அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"கேக்கட்டும்! இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரோட லட்சணம் அவங்களுக்கும் தெரியட்டும்!"

கிண்ணத்தை எடுத்தாள். தொட்டியில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

தடுக்க நீண்ட அப்பாவின் கை பாதியிலேயே நின்றது.

"அவசரப்பட்டுட்டியே" என்றார்.

"நானா? பெத்த தாய்க்கு ஒண்ணுன்னா வேலையை விட்டுட்டு ஓடி வர்றவ நான். நீங்க இங்க அழகு பார்த்துக்கிட்டு இருக்கீங்க. நான் அவசரப்பட்டுட்டேனா?"

கைப்பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"இது எதுக்கு?"

"அம்மாவுக்கு. சீப்பு வெச்சாலே சிக்கு பிடிச்சு இழுக்குதாம், ஒட்ட வெட்டிட்டா நல்லதுன்னு ஆயா சொன்னாங்க. இன்னிக்கே வெட்டிட்டுப் போயிடறேன்."

அம்மாவின் அறை வாசலில் அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"வெட்டாதே."

"தள்ளுங்கப்பா. தேங்காய் நாராட்டம் இருக்கு. அதை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறாங்க? யார் பார்க்கப் போறாங்க?"

"அவ பார்ப்பா!"

அப்பா கத்தினார். அவள் அரண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் மூன்று பாடத்தில் கோட்டை விட்டபோதுகூட அவர் இப்படிக் கத்தியதில்லை.

"அவ பார்ப்பா. தினம் பார்க்கறா. தபால் ஆபீஸ் கவுண்டர்ல இருபத்தஞ்சு வருஷம் உட்கார்ந்தவ. ஒருநாள், ஒரே ஒருநாள், தலை வாராம வாசப்படி தாண்டியிருப்பாளா? இப்ப கண்ணாடியைக் காட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கிறா. மருந்தால வந்தது, சரியாயிடும்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா. நான் பழையபடி ஆக்கித் தர்றேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். கத்தரியை உள்ள வை!"

உள்ளே கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. அம்மா இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு இன்னும் ஆறவில்லை. குரலை மட்டும் தணித்துக்கொண்டாள்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவங்களுக்காகன்னா அவங்க தலையில போட வேண்டியதுதானே? உங்க தலை மின்னுதே, அது எப்படி?"

அப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஸ்பேனர் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகள்.

"போன மாசம் அவளுக்குத் தலைக்கு ஊத்தினேன். தண்ணியைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் ஊத்தினேன். ஆனா இந்தக் கைக்கு சூடு எங்க உறைக்குது? ரெண்டாவது சொம்பும் ஊத்தின பிறகுதான் பார்க்கறேன், அவ கண்ணுலேருந்து பொலபொலன்னு கொட்டுது. வாய் மட்டும் அசையுது. சத்தம் வரல."



அப்பா தலையைச் சாய்த்து, வலது காதை மடக்கிக் காட்டினார். பின்பக்கம் தோல் உரிந்து, விரலளவுக்குச் செக்கச்செவேலென்று புண்ணாகிக் கிடந்தது.

"ஐயோ, என்னப்பா இது?"

"வினிகர். தண்ணி நிறைய கலக்கணுமாம், அதைச் சரியா படிக்கல. ரெண்டு நாள் தலையைத் தலையணையில வைக்க முடியல. நல்லவேளை, என்னோட போச்சு."

"அப்ப முட்டை? கற்றாழை?"

காதை விட்டுவிட்டு, உள்ளே பார்த்தபடி அப்பா சொன்னார்:

"எரிஞ்சா எரியுதுன்னு சொல்ல அவளுக்கு வாய் இல்லையேம்மா. அதான், எதுவானாலும் முதல்ல என் தலையில போட்டுப் பார்க்கறேன்."