தடிக்காத கை

மாமனார் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பரிசு வாங்கப் போகிறவரைப் போலக் கையை நீட்டினார். இரண்டு நாளைக்கு முன் காசநோய்ச் சோதனை ஊசி போட்ட இடத்தில் கொசுக்கடி அளவுக்குக்கூட ஒன்றுமில்லை.

பக்கத்தில் மருமகளின் கை சிவந்து தடித்திருந்தது.

டாக்டர் இரண்டையும் அளந்தார். எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். மருமகளை மட்டும் இருக்கச் சொன்னார்.

“நான் அப்பவே சொல்லலையா?” என்று மாமனார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு, இருமியபடியே வெளியே போனார்.

அவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்தில் கத்திக் கத்தி வந்த இருமல் என்பார். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் அவராகவே ஏதோ மாத்திரை வாங்கி வருஷக்கணக்காக விழுங்கி வந்தார்.

அவள் வேலை செய்யும் தையல் கூடத்தில் ஒருத்திக்குக் காசநோய். கூட இருந்தவர்களைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள். வீட்டில் இருமுகிறவர் இருந்தால் அவரையும் அழைத்து வரச் சொன்னார்கள். அதை மாமனார் அவமானமாக எடுத்துக்கொண்டார்.

அவள் கை வீங்கியதும், நோய் அவளுக்குத்தான் என்று வீடு அவர் பக்கம் சாய்ந்தது. அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். அவள் மூச்சுக்கூடப் படக் கூடாதென்று, பால்குடி மறந்த குழந்தையைத் தன் கட்டிலிலேயே படுக்க வைத்துக்கொண்டார். அப்பா முன்னால் கணவன் என்றைக்கு வாய் திறந்தான்?

“உங்களுக்கு நோய் இல்லம்மா,” என்றார் டாக்டர். “நெஞ்சு சுத்தமா இருக்கு. சின்ன வயசுத் தடுப்பூசியால வீங்கியிருக்கலாம், இல்ல கிருமி உள்ள வந்திருக்கலாம். எப்படியோ, உங்க உடம்பு ஆளை அடையாளம் கண்டு சண்டைக்கு நிக்குது. அவர் உடம்புல சண்டை போட ஆளே இல்ல, அந்த மூட்டுவலி மாத்திரை அடக்கி வெச்சிருக்கு. காவல்காரன் தூங்கினா வீட்டுல சத்தம் வராதும்மா. திருடன் வரலைன்னு அர்த்தமில்ல.”

டாக்டர் மாமனாரின் எக்ஸ்ரே படத்தை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

“குழந்தை யார்கூடப் படுக்குது?”

அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

வெளியே பெஞ்சில் மாமனார் குழந்தையின் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.



“உங்களைத்தான் கூப்பிடறாங்க, மாமா,” என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.