ஒரு துளித் தூசி

சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில், அன்று மூன்றாவது டிவி படக்குழாயும் சோதனையில் பொறி அடித்தது.

"உள்ள தூசி. காத்தில்லாத குழாய்ல ஒரு துளி போதும், கரண்டு ஏறிப் பாயும்," என்றார் சூப்பர்வைசர் இஞ்ஞாசிமுத்து. குழாய்களை மூடும் ரமணியின் நெற்றித் திருநீற்றைச் சுட்டினார். "இத பூசிட்டு வராதன்னு எத்தன தடவ லா சொல்றது? இன்னொண்ணு போச்சுன்னா உனக்கு வேலை இல்ல."

"வீட்டுல என் சம்பளந்தான் சார்."

ரமணி நெற்றியைக் கழுவி வந்தாள். அடுத்த குழாயை மூடுமுன், வழக்கம்போல் இஞ்ஞாசிமுத்து குனிந்து உள்ளே பார்த்தார். மாலைச் சோதனையில் அதுவும் பொறி அடித்தது.

"பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

வியர்வையைத் துடைக்க, நெற்றியை மறைத்திருந்த தொப்பியைக் கழற்றினார்.

ரமணி நகரவில்லை.

"சார், காலையில சர்ச்சுல பூசையா?"

சாம்பல் புதனுக்காகப் பாதிரியார் அவர் நெற்றியில் இட்ட சாம்பல் சிலுவை பாதி உதிர்ந்திருந்தது.