கடைசி மைக்கின் தலையாட்டல்

சாயங்காலக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கியின் சத்தத்தை அளக்க, மைதானத்தில் முன்னால், நடுவில், கடைசியில் என்று மூன்று மைக்குகளை நட்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கி ஒரு முழக்கம் போட்டுவிட்டு, "சத்தம் எப்படி, தம்பிகளா?" என்றது.

"பிரமாதம், அண்ணே!" என்று முன்னாலிருந்த இரண்டும் தலையாட்டின.

கடைசி மைக்குக்கு ஓர் இழவும் கேட்கவில்லை. அவை தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. தன்னைச் செவிடு என்று சொல்லிவிட்டால் மானம் போய்விடுமே! அவற்றைவிட வேகமாகத் தலையாட்டியது.

ஒலிபெருக்கி பூரித்துப்போய் அந்த அளவிலேயே நின்றுவிட்டது.

கூட்டம் நிரம்பியது. பேச்சாளரின் வாய் அசைந்தது. முன்வரிசை கைதட்டியதும், பின்வரிசை எழுந்து நின்று விசிலடித்தது.

"என்னய்யா சொன்னாரு?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"யாருக்குத் தெரியும்? நீ தட்டுய்யா!" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அட, நம்ம ஆளுங்க!" என்று கடைசி மைக் குஷியில் குதித்தது.